எட்டு விநாடி ஆசீர்வாதம்

என் அக்கா கோரஸ் பாடகி. வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துவைத்துவிட்டு, ஒரே மைக்கின் முன்னால் ஏழு பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு, இருபத்திரண்டு வருடமாகப் பாடிக்கொண்டிருக்கிறாள். எந்தப் பாட்டானாலும் கடைசியில் கடவுளைக் கூப்பிட்டு முடித்தால்தான் இசையமைப்பாளர்களுக்கு நிம்மதி. காதலர்கள் சேர்ந்தாலும் அவர் வாழ்த்த வேண்டும், கால்பந்து அணி கிளம்பினாலும் வாழ்த்த வேண்டும். சிமெண்டு மூட்டையிலிருந்து ராணுவம் வரை அக்கா கூட்டத்தோடு நின்று ஆசீர்வாதம் வாங்கித் தராத ஆளே இல்லை.

அம்மா மட்டும் மசியவில்லை. "கும்பலோட கோவிந்தா போடுறதுக்குப் பேரு பாட்டா? இதுல உன் குரல் எதுன்னு பெத்த எனக்கே தெரியல" என்பாள். அக்கா சிரித்து மழுப்புவாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் தேசிய நாளுக்கென்று ஒரு புதுப் பாட்டு தயாரானது. அறுபது பேர் பாடி நிறுத்தியதும், "இறைவா, இந்த மண்ணை வாழ வை" என்ற கடைசி வரியை ஒரே ஒரு குரல் பாட வேண்டும். எட்டு விநாடி. அது அக்காவுக்குக் கிடைத்தது. அன்றைக்கே அம்மாவுக்கு முன்வரிசைச் சீட்டு கேட்டு வாங்கிவிட்டாள்.

அப்புறம் கமிட்டி கூடியது. இறைவா என்றால் யாருடைய இறைவன் என்று ஒருவர் கிளப்பினார். 'ஆண்டவா' என்று மாற்றலாம் என்றார் இன்னொருவர். அது அதைவிட மோசம் என்றார் முதலாமவர். மூன்றாமவர், பேசாமல் இயற்கையைக் கூப்பிடலாம் என்றார். விவசாயத் துறை அதிகாரி துள்ளி எழுந்தார்: "போன வெள்ளத்துக்கே இன்னும் நிவாரணம் குடுத்து முடியல சார்! மறுபடியும் அதைக் கூப்பிடணுமா?" ஐந்தாமவர் பிஸ்கட்டுக்காகவே வந்தவர். மூன்று கூட்டம் நடந்தபின் உத்தரவு வந்தது: அந்த இடத்தில் வார்த்தை வேண்டாம், உணர்வு போதும்.

அதாவது, எட்டு விநாடியும் வாயை மூடிக்கொண்டு ராகத்தை மட்டும் முனக வேண்டும்.

"இத்தனை வருஷம் கழிச்சு ஒரு வரி கிடைச்சுது. அதையும் பிடுங்கிட்டாங்கடா" என்று அக்கா அழுதாள். நான் தாம்தூம் என்று குதித்தேன். கமிட்டிக்குக் காது கேட்கவில்லை.

விழா நாளில் மைதானம் நிரம்பியிருந்தது. அறுபது பேரும் நிறுத்தினார்கள். அக்கா மட்டும் கண்ணை மூடி முனகினாள். எனக்குப் பக்கத்திலிருந்தவர் தம் சாமியின் பெயரை முணுமுணுத்தார். அவருக்கு அடுத்தவர் வேறொரு பெயரை. காலியாக விட்ட இடத்தில் அவரவர் தமக்கு வேண்டியவரை உட்காரவைத்துக்கொண்டார்கள். சாமியே கும்பிடாத நானும் கைகூப்பினேன். அம்மா மட்டும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

விழா முடிந்து வாசலில் அக்கா வந்து நின்றாள். அம்மா அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"தனியா விட்டதும் பயந்துபோய் வரியை மறந்துட்டியாடி?" என்று ரகசியமாகக் கேட்டாள். "பரவாயில்ல, யாரும் கண்டுபிடிக்கல. குரல் அப்படியே கிணத்துத் தண்ணி மாதிரி இருந்துச்சு. உன் குரல் இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

கமிட்டியைப் பற்றிச் சொல்ல நான் வாயெடுத்தேன். அக்கா என் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"ஆமாம்மா," என்றாள், "மறந்துட்டேன்."