சறுக்குமரத்து மணல்

காணும் பொங்கலன்று படகில் போகலாம் என்று அப்பா சொன்னதிலிருந்து ஒரு வாரம் நான் தெருவில் யாரையும் மதிக்கவில்லை. எனக்கு எட்டு வயது. திருவண்ணாமலைக்கு வெளியே இருந்த அந்தப் பழைய ஏரியில் அப்போதுதான் மிதிபடகு விட ஆரம்பித்திருந்தார்கள். பெரிய மண்கரை அது. மேலே நின்றால் ஒரு பக்கம் தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரியும். மறுபக்கப் பள்ளத்தில் ஊஞ்சலும் சறுக்குமரமுமாக ஒரு பூங்கா, அதற்கு அப்பால் ஒரு சிற்றூர். அந்த வருடம் மழை ஜாஸ்தி. ஏரி தளும்பிக்கொண்டிருந்தது.

அன்று படகு வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டே குடும்பங்கள்தான் நின்றன. அப்போது பார்த்து, புளிச்சோற்றுத் தூக்கைக் கழுவக் கீழே போன அம்மா, ஒரு டம்ளர் தண்ணீரோடு ஏறி வந்தாள். கரையின் அடியில், பூங்கா பக்கம் ஊறி வழிகிற தண்ணீராம். மெதுவாக வடித்துப் பார்த்தாள். அடியில் செம்மண் தங்கியிருந்தது.

டிக்கெட் கிழிப்பவரிடம் காட்டினாள்.

“மழ பேஞ்சா ஊறத்தாம்மா செய்யும்,” என்றார் அவர்.

“தெளிவா ஊறுனா நானும் பேசாம போயிருப்பேங்க. கலங்கலா வருது. கரைக்குள்ள இருக்கிற மண்ண அரிச்சிக்கினு வருது.”

அம்மா கீழ்பென்னாத்தூர் பக்கம் ஏரித் தண்ணீரில் பயிர் வைத்த வீட்டுப் பெண். அப்பாவோ துணிக்கடைக்காரர், நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே அவருக்கு வியர்த்துவிடும். அவரிடம் மட்டும் தாழ்ந்த குரலில், “புள்ளைய ரோட்டு மேட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுங்க,” என்றாள். கூச்சல் போடவில்லை. கரையின் அந்தக் குறுகிய உச்சியில் அத்தனை கூட்டம் ஒரேயடியாக ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

டிக்கெட்காரர் கீழே போய்ப் பார்த்தார். முகம் மாறித் திரும்பியவர், படகைக் கட்டி, கூட்டத்தை மெல்லக் கரையிலிருந்து இறக்கிவிட்டார். எச்சரிக்கச் சொல்லி ஓர் ஆளை அந்தச் சிற்றூருக்கும் அனுப்பினார். நான் ரோட்டில் நின்று அழுதேன். கீழே சில ஆட்கள் மண்மூட்டையால் ஊற்றை அடைக்கப் போனார்கள். அம்மாவின் குரல் ரோடு வரை கேட்டது.

“அடைக்காதீங்க. அடைச்சா வேற எடத்துல பிச்சிக்கும். மணலக் கொட்டி, மேல ஜல்லியப் போடுங்க. தண்ணி போவட்டும், மண்ணுதான் போவக் கூடாது.”

மணலுக்கு எங்கே போவது? சறுக்குமரத்தின் அடியில் எங்களுக்காகக் கொட்டியிருந்த மணலை வாரினார்கள். படகும் போய், சறுக்குமரமும் போயிற்று.

சாயங்காலம் தண்ணீர் தெளிந்து வந்தது. ஜீப்பில் வந்த அதிகாரி பார்த்துவிட்டு, “யாரு செஞ்சது? சரியாத்தான் செஞ்சிருக்காங்க,” என்றாராம். எங்க ஆளுங்கதான் சார் என்றாராம் டிக்கெட்காரர். இதைச் சொல்லிச் சொல்லி அம்மா சிரித்தாள். நான் மூன்று நாள் அவளிடம் பேசவில்லை. என்னை ரோட்டில் நிறுத்திவிட்டு அவள் மட்டும் மணலில் நின்றாளே என்று எனக்குக் கோபம். கரை உடைந்திருந்தால் தண்ணீர் முதலில் பாய்ந்திருக்கும் இடம் அது என்பது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.