வீட்டில் மட்டும் வெடிக்கும் துப்பாக்கி

எங்கள் வீட்டில் என்னைக் கண்டு பயப்படாத ஜீவன்கள் மான்கள் மட்டும்தான். வீட்டுக்காரர் பயப்படுவார். கோழிகள் பயப்படும். பஞ்சாயத்து ஆபீசிலிருந்து வருகிறவர் வாசலுக்கு வெளியிலேயே நின்று இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் கூப்பிடுவார். மான்களோ நான் வரப்பில் நின்று தகரத்தைத் தட்டினாலும் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி பயத்தங்கொடியில் வாயை வைக்கும். சௌல்தாரியில் காடும் தோட்டமும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அந்தமானில் மானை அடிக்கப் புலியும் கிடையாது, சிறுத்தையும் கிடையாது. அந்த வேலையையும் நான்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்காக என்னிடம் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி உண்டு. பயிர்க்காவலுக்கென்று சர்க்கார் அப்பாவுக்குக் கொடுத்த லைசென்ஸ், அவருக்கு வயதானதும் என் பேருக்கு மாறியது. மானைச் சுட்டால் ஜெயில். வேலியோரத்து மண்மேட்டில் ஒரு வெடி போடலாம், அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டால் மான்கள் கொஞ்ச நாளைக்கு எங்கள் பக்கம் வராது. வெடிக்காவிட்டால் அந்தப் போகம் முழுக்க அவற்றுக்குத்தான்.

எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான். கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்து ரிட்டையர் ஆகி, பக்கத்துத் தோட்டத்திலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். பொதுவாகத் துப்பாக்கி ஆண்பிள்ளைக்குத்தானே போகும், உனக்கு எப்படி வந்தது என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. அப்பாவையும் கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்ன பதில் சௌல்தாரி முழுக்கப் பிரசித்தம்: "இவ எல்லாரையும் வாயாலயே சுட்டுருவா. இவ கையில துப்பாக்கி இருந்தா ஒருத்தருக்கும் ஆபத்து இல்ல. அவன் பேசமாட்டான், மனசுக்குள்ளயே வச்சிருப்பான். அவன்ட்ட குடுக்க எனக்குப் பயம்." அண்ணன் இதற்கும் ஒன்றும் பேசவில்லை.

பேசவில்லையே தவிர, துப்பாக்கி மேல் அவனுக்கு ஒரு கண் இருந்தது. வேலியோரமாகப் போகும்போதெல்லாம் எங்கள் சுவரில் மாட்டியிருப்பதை எட்டிப் பார்ப்பான். நான் வேண்டுமென்றே அதை அவன் கண்ணில் படும்படி வாசலில் வைத்துத்தான் துடைப்பேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

துடைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே கடல்காற்றில் உப்பு இருக்கிறது. வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. ஒரு வாரம் சும்மா வைத்தால் குழலில் துரு செம்பட்டை மயிர் மாதிரி கிளம்பிவிடும். லைசென்ஸ் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வைத்தியம் உண்டு. ஒருவர் மண்ணெண்ணெய் போடுவார், ஒருவர் பஸ் டிப்போவிலிருந்து கிரீஸ் வாங்கிவந்து அப்புவார். நான் தேங்காயெண்ணெய். எங்கள் வீட்டில் தலைக்கும் அதுதான், தாழ்ப்பாளுக்கும் அதுதான், வீட்டுக்காரர் முழங்காலுக்கும் அதுதான். முதலில் துப்பாக்கியை மடித்துத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று விரலை விட்டுப் பார்ப்பேன். கம்பியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் குழலைத் தேய்ப்பேன். பிறகு குதிரை, விசை, தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்துகிற ஊசி, அந்த ஊசி வந்துபோகிற ஓட்டை என்று எல்லா இடத்திலும் தாராளமாக எண்ணெய் விடுவேன். வழிகிற அளவுக்கு விட்டால்தான் எனக்குத் திருப்தி.

அப்பா நெட்டையான ஆள், துப்பாக்கிக் கட்டை எனக்கு நீளம். அதனால் டவுனில் துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்துப் பின்கட்டையை அறுத்துக் குட்டையாக்கினேன். வெடிக்கும்போது தோளில் இடிக்கிறது என்று சொன்னேன், அவர் ரப்பர் பட்டைக்கு மெயின்லேண்டுக்கு எழுத வேண்டும் என்றார். அதற்கு யார் காத்துக் கிடப்பது? பழைய ரப்பர் செருப்பை வெட்டி நானே ஒட்டினேன். நீல நிறச் செருப்பு. இப்படி எல்லா அலங்காரத்தோடும் அந்தத் துப்பாக்கி ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை.

எலெக்‌ஷன் வந்தால் எல்லாத் துப்பாக்கியையும் போலீஸ் தாணாவில் ஒப்படைக்க வேண்டும். இந்தத் தடவையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆயுத அறையில் மழை ஒழுகுகிறது என்று கம்ப்யூட்டர் அறையில் வரிசையாகச் சாய்த்து வைத்தார்கள். அங்கே ராத்திரி பகல் ஏசி. வெளியே நாங்கள் வியர்த்து வழிந்துகொண்டு நிற்க, எங்கள் துப்பாக்கிகள் உள்ளே குளுகுளுவென்று இருந்தன. பெற்ற பிள்ளைக்கு நல்ல இடத்தில் வேலை கிடைத்த மாதிரி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஓட்டெல்லாம் எண்ணி முடித்துத் திருப்பி வாங்கப் போனால் ஒரு புது உத்தரவு. பயிர்க்காவல் துப்பாக்கி ஒவ்வொன்றையும் அங்கேயே சுட்டுக் காட்ட வேண்டும். வெடிக்காத துப்பாக்கிக்கு லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டார்கள். சோதனை செய்ய டவுனிலிருந்து ஓர் ஆபீசர் வந்திருந்தார், இந்திக்காரர், மீசையைத் தவிர அவரிடம் பயப்பட ஒன்றுமில்லை. தாணாவுக்குப் பின்னால் மணலைக் குவித்து அதைப் பார்த்துச் சுட்டார்கள். மண்ணெண்ணெய்த் துப்பாக்கி வெடித்தது. கிரீஸ் துப்பாக்கி வெடித்தது. ஏசி அறையிலிருந்து என்னுடையதை எடுத்து வந்தார்கள். ஆபீசர் பின்கட்டையில் இருந்த செருப்பைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தார். தொப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்துத் திறந்து, வேறு தோட்டா போட்டார். அதற்கும் தொப். இரண்டிலும் ஊசி பட்ட இடத்தில் லேசாக நகம் கீறின மாதிரி ஒரு தடம்தான் இருந்தது.

"பஹன்ஜி, யே பந்தூக் ஹை யா லாட்டி?" என்றார். துப்பாக்கியா கம்பா என்று என்னைக் கேட்கிறார், அத்தனை பேர் முன்னால். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த அண்ணன் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் உதட்டோரம் என்னமோ ஒன்று இருந்தது, சிரிப்பு என்று சத்தியம் செய்ய முடியாது. ஸ்பிரிங் போயிருக்கும், சரிசெய்து கொண்டுவா, அடுத்த சோதனையிலும் வெடிக்காவிட்டால் ரத்துதான் என்று சொல்லி ஆபீசர் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். ரத்தானால் பக்கத்துத் தோட்டக்காரர் என்கிற முறையில் அண்ணன் மனுப் போடலாம் என்பதையும் அங்கேயே யாரோ சத்தமாகச் சொன்னார்கள்.

பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மண்மேட்டைப் பார்த்துச் சுட்டேன். டமார் என்று வெடித்தது. காக்காய்கள் பறந்தன. வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய் நின்றார். அவர் மெயின்லேண்டிலிருந்து சர்க்கார் வேலைக்கு வந்தவர், பட்டாசுக்கே அப்படித்தான். இன்னொன்று போட்டேன். அதுவும் வெடித்தது. வீட்டில் வாய்கிழியப் பேசிவிட்டு ஆபீசில் மேலதிகாரி முன்னால் ஊமையாகிற ஆள்களைப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கியும் இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை.

ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். அவர் முழுக்கக் கழற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் உன் மனசமாதானத்துக்கு என்று ஸ்பிரிங்கையும் ஊசியையும் புதுசு மாற்றினார். சுத்தமாகத் துடைத்து, துப்பாக்கிக்கென்று விற்கிற மெல்லிய எண்ணெயில் ஒரே ஒரு சொட்டு விட்டார். ஒரு சொட்டு எந்த மூலைக்குக் காணும்? தவிர, அந்த எண்ணெயின் வாடை எனக்குப் பிடிக்கவில்லை. சோதனைக்கு முதல்நாள் சாமிபடத்துக்கு முன்னால் உட்கார்ந்து, இடுக்கெல்லாம் தேங்காயெண்ணெய் விட்டுக் குளிப்பாட்டினேன். நல்ல காரியத்துக்குப் போகிற பொருள் வறட்டுத் தலையோடு போகலாமா?

துப்பாக்கியை முந்தின சாயங்காலமே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், அரக்குச் சீட்டு கட்டி வைப்போம், அப்போதுதான் யாரும் வேறு துப்பாக்கியை மாற்றிக் கொண்டுவர முடியாது என்பது அவர்கள் ஏற்பாடு. அப்படியே செய்தேன். மறுநாள் காலையில் ஏசி அறையிலிருந்து எடுத்து, சீட்டை அறுத்து, ஆபீசர் தோட்டா போட்டார். தொப்.

இரண்டாவது தோட்டாவுக்கு முன்னால் ஒரு நிமிஷம் கையில் கொடுங்கள் சாப் என்று கேட்டேன். அழப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, தோட்டாவை எடுத்துவிட்டு வெறும் துப்பாக்கியைத் திறந்தபடி கொடுத்தார். குளிர்ந்து கிடந்தது. ஊசி ஓட்டையைப் பார்த்தேன். அதன் வாயில் வெள்ளையாக, மெழுகு அப்பினது போல என்னமோ இருந்தது. யாரோ வேண்டுமென்றே அடைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்கும் வேப்பமரத்தடியில் வந்து நின்ற அண்ணனைத்தான் நேராக முறைத்தேன். நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். அது தண்ணீராக உருகி ஓடியது. மோந்து பார்த்தால் என் தலை வாசம்.

இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். தேங்காயெண்ணெய் உறையும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். எங்கள் ஊரில் அது தை மாதத்திலும் ஓடும், மார்கழியிலும் ஓடும். ராத்திரி பூராவும் ஏசியில் நின்றதில் நான் ஆசையாய் ஊற்றிய எண்ணெய் அத்தனையும் கெட்டியாகி, ஊசியைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் உருகிவிடுகிறது. வெளியில் சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் லைசென்ஸ் போகும். இரண்டையும் காப்பாற்ற எனக்கு வேண்டியது கொஞ்சம் வெயிலும் கொஞ்ச நேரமும்தான்.

துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு, முற்றத்தில் வெயில் விழுகிற படியில் உட்கார்ந்தேன். ஆபீசரிடம் பேச்சுக் கொடுத்தேன். எந்த ஊர், அம்மா எப்படி இருக்கிறார், இங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, மெயின்லேண்டுக்குக் கப்பல் டிக்கெட் கிடைக்காமல் எத்தனை தடவை திண்டாடினீர்கள்? கப்பல் டிக்கெட் என்றதும் மனிதர் மடை திறந்தமாதிரி பேச ஆரம்பித்துவிட்டார். இந்தத் தீவில் அந்தப் பேச்சை எடுத்தால் யாரும் லேசில் நிறுத்த மாட்டார்கள். அதற்குள் கூட வந்திருந்த என் வீட்டுக்காரர், நான் துக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து, ஓடிவந்து எனக்கும் துப்பாக்கிக்கும் சேர்த்துக் குடை பிடித்தார். எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக எனக்குக் குடை பிடிக்கிறார், அதையும் அன்றைக்குப் பார்த்தா? பல்லைக் கடித்துக்கொண்டு, போங்க அந்தப் பக்கம் என்று விரட்டினேன். பாவம், முகம் சுருங்கிப் போனார். இரும்பு கையில் சுட ஆரம்பித்ததும் முந்தானையால் நன்றாகத் துடைத்துவிட்டு, எழுந்து கொடுத்தேன்.

டமார். மணல் சிதறியது. ஆபீசர் இன்னொன்று போட்டார். அதுவும் டமார். துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பிரார்த்தனை என்றேன். லைசென்ஸ் புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தான். வெற்றிக் களிப்பில் நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பாக்கெட்டிலிருந்து துப்பாக்கி எண்ணெய்ச் சின்ன டப்பா ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். இனிமேல் இதைப் போடு, தேங்காயெண்ணெய் குளிரில் உறைஞ்சிரும் என்றான். கப்பலில் காய்கறி வைக்கிற குளிர் அறைப் பக்கத்தில் சமையல்காரர் வைக்கிற தேங்காயெண்ணெய் டின் ஒவ்வொரு பயணத்திலும் கல்லாகிவிடுமாம், இவன்தான் இன்ஜின் குழாய் மேல் வைத்து உருக்கிக் கொடுப்பானாம். முதல் தடவை ஏசி அறையிலிருந்து எடுத்தபோதே இவனுக்கு விஷயம் தெரியும்.

தோசைக் கரண்டியோடு திரும்பினேன். தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை, என் லைசென்ஸ் போகட்டும் என்றுதானே நின்றாய் என்று கத்தினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நீ கேக்கலியே. அப்பா ஒன் பேருக்கு எழுதும்போதும் எனக்கு வேணுமா வேண்டாமான்னு யாரும் கேக்கல. நான் கப்பல்ல இருந்தேன். லீவுல வந்து பாத்தா அது ஒன் வீட்டுச் சுவத்துல தொங்குது. அதத் துடைக்கதுக்காவது ஒருநாள் கூப்புடுவன்னு பாத்தேன். நீ எங்கண்ணு முன்னால வச்சுத் தொடைச்சியே தவிர, கூப்புடல."

அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் எழுந்து வந்து அடுப்பை அணைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் வெளியே போனார். லைசென்ஸில் இன்னொருவர் பேரையும் சேர்க்கலாம், அவரும் துப்பாக்கியை எடுக்கலாம். அது எனக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும்.

"ஒன் பேரையும் சேக்கட்டுமா, அண்ணே?" என்று கேட்டேன்.

அவன் எழுந்துபோய்ச் சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்தான், மடித்துத் திறந்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தான், முந்தானையில் துடைத்த தடத்தைக் கட்டைவிரலால் தடவினான். "சேத்துரு" என்றான். உடனே என்னைப் பார்த்து அதட்டினான்.

"ஆனா எண்ண போடுதது நான்தான்."