தலைப்பில் வராத வசனம்

எங்கள் வீட்டுக்காரரிடம் யாராவது, "உங்கட மனிசி காதுல வயர மாட்டிக்கிட்டு முழுநாளும் என்னதான் செய்யிறா?" என்று கேட்டால், "கொழும்புக் கம்பெனி ஒண்டுக்கு டைப் பண்ணுறா" என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்.

உண்மையில் என் வேலை வேறு. பல்கலைக்கழகத்து ஆட்கள் ஊர் ஊராகப் போய் மக்களைப் பேட்டி எடுத்து ரெக்கோட் பண்ணிக்கொண்டு வருவார்கள். அதைக் கேட்டு ஒரு சொல் விடாமல் எழுத்தாக்கிக் கொடுக்க வேண்டும். டிரான்ஸ்கிரிப்ஷன் என்று சொல்வார்கள். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்துக்கு வந்ததோடு என் படிப்பு எட்டாம் வகுப்பில் நின்றுபோனது. போன் பேசவும் ஃபோட்டோகொப்பி அடிக்கவும் ஆட்கள் வரும் கொமியுனிகேஷன் கடையொன்றில் வேலைக்கு நின்றபோது டைப்பிங் பழகினேன். இன்றைக்கு ஊடக ஆய்வு, கடற்புல் ஆய்வு, நிதி ஆய்வு எல்லாவற்றிலும் நான் டைப் பண்ணிய பேச்சு இருக்கிறது. பெருமையாகத்தான் சொல்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் எப்படி எப்படி என்று கேட்பதால், மூன்று விஷயங்களை எழுதி வைக்கிறேன்.

1. செய்தி வாசித்த பெண்கள்

முதல் ஃபைலைத் தந்தவர் தர்ஷினி மிஸ். அப்போது அவர் ஓர் ஊடக ஆய்வில் உதவியாளர். இப்போது விரிவுரையாளர். போனில் வரும் செய்திகளை மக்கள் எப்படி நம்புகிறார்கள் என்பதுதான் ஆய்வு. கரைத்தீவுப் பக்கம் ஏழெட்டுப் பெண்களை வட்டமாக இருத்திப் பேச வைத்திருந்தார்கள். ஹெட்போனை மாட்டினால் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கிறார்கள். நடுவில் ஒரு பிள்ளை அழுகிறது. யாரோ கோப்பைகளில் பிளேன்டி, பால் இல்லாத தேநீர், ஊற்றுகிறார்கள். அதற்குள் பாங்கு சொல்கிறது. நான் என்னையறியாமலே முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பாங்கு முடியும்வரை டைப் பண்ணாமல் இருந்தேன். அது என்றைக்கோ ரெக்கோட் பண்ணிய பாங்கு என்பது பிறகுதான் மண்டைக்கு ஏறியது. இன்றைக்கும் ஹெட்போனில் பாங்கு கேட்டால் கை தானாக முந்தானைக்குப் போகும். அதை மாற்ற நான் முயற்சிக்கவும் இல்லை.

எனக்கு இருந்த பயம் வேறு. எட்டாம் வகுப்புக்காரிக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்று, அந்தப் பெண்கள் கதைத்ததையெல்லாம் திருத்தித் திருத்தி நல்ல தமிழில் எழுதி அனுப்பினேன். "வந்த கையோட அடுத்தாளுக்குத் தள்ளிவிட்டுருவோம்" என்று ஒருவர் சொன்னதை, "கிடைத்த மாத்திரத்தில் பிறருக்கு அனுப்பிவிடுவோம்" என்று போட்டேன். அழகாக வந்திருக்கிறது என்று எனக்கு நல்ல நினைப்பு.

மிஸ் போன் எடுத்தார்.

"அக்கா, இந்த அம்மாமார் ரேடியோவில நியூஸ் வாசிக்கிறவையோ?"

"இல்ல மிஸ், வீட்ல இருக்கிற ஆக்கள்தானே."

"அப்ப ஏன் எல்லாரும் நியூஸ் வாசிக்கினம்? எனக்கு அவை கதைச்ச கதைதான் வேணும். இழுத்தா இழுத்த மாதிரி, திக்கினா திக்கின மாதிரி. சிரிச்சா அடைப்புக்குள்ள சிரிப்பு எண்டு போடுங்கோ."

வேலை போய்விட்டது என்று நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வேலை போகவில்லை. முழு ஃபைலையும் முதலிலிருந்து அடித்தேன். ஐந்து செக்கன் கேட்பது, நிறுத்துவது, அடிப்பது, பின்னுக்குப் போய் மறுபடி கேட்பது. எனக்குச் சந்தேகம் அதிகம். அடுப்பை நிறுத்தினேனா என்று மூன்று தரம் எழும்பிப் பார்க்கிற ஆள் நான். அந்தக் குணத்துக்காக உம்மாவிடம் எவ்வளவோ ஏச்சு வாங்கியிருக்கிறேன். இந்த வேலையில்தான் அதற்கு முதல்முறையாக மரியாதை கிடைத்தது. அந்த ஃபைலைப் பார்த்துவிட்டு மிஸ் அனுப்பிய மெசேஜ்: "இப்பதான் ஆக்கள் கதைக்கினம்."

2. எஞ்சினுக்குக் கிடைத்த ஏச்சு

மிஸ் என் நம்பரை மற்றவர்களுக்கும் கொடுத்தார். அப்படி வந்தவர் உயிரியல் படிக்கும் ஒரு தம்பி. களப்பில் கடற்புல் எங்கெங்கே குறைந்துவிட்டது என்று ஆலங்குடாப் பக்கத்து மீனவர்களைப் படகிலேயே வைத்துக் கேட்டு ரெக்கோட் பண்ணியிருந்தார். பாதி காற்று, பாதி எஞ்சின். விளங்காத இடத்தில் ஊகித்து எழுதக்கூடாது, [விளங்கவில்லை] என்று நேரத்தோடு குறித்து விட வேண்டும். நான் அந்தச் சொல்லை லேசில் போடமாட்டேன். வேறு ஹெட்போனில் கேட்பேன், அடுத்த நாள் காலையில் கேட்பேன், அதற்குப் பிறகும் விளங்கவில்லை என்றால்தான் போடுவேன்.

அதில் ஓர் இடத்தில் எஞ்சின் நின்றுபோகிறது. படகுக்காரர் அதை ஏச ஆரம்பிக்கிறார். எஞ்சினின் தாயிலிருந்து தொடங்கி, செய்த கம்பெனிவரை போகிறார். நான் அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிக்கொண்டு தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, கெட்ட வார்த்தையும் போடணுமா?"

"எல்லாம் போடுங்க அன்ட்டி. ஆராய்ச்சிதானே."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

"ஆராய்ச்சி கடற்புல்லப் பத்தித்தானே தம்பி. எஞ்சினப் பத்தி இல்லையே?"

தம்பி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "சரி அன்ட்டி, எஞ்சினை ஏசுகிறார் எண்டு அடைப்புக்குள்ள போட்டு விடுங்க" என்றார். அப்படியே போட்டேன். அவருடைய ஆய்வுப் புத்தகத்தின் முன்பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரும் இருக்கிறது. பேராசிரியர்மாரின் பெயர்களுக்குக் கீழே, அவருடைய வாப்பா உம்மாவின் பெயர்களுக்கு மேலே. அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். பூட்டினேனா என்று அடிக்கடி பார்ப்பேன்.

3. பதினொன்று

இது நிதி ஆய்வில் நடந்தது. கரையோரப் பெண்கள் எப்படிச் சேமிக்கிறார்கள் என்பதுதான் விஷயம். சீட்டு, நகை, வங்கி, அரிசிப் பானை எல்லாம் வரும். தர்ஷினி மிஸ்தான் தலைமை. பேட்டி கொடுத்தவர்களுக்குப் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்தான். பதினோராவது ஃபைலைத் திறந்து முதல் சிரிப்பைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கள் ஒழுங்கையில், எங்கள் குசினி ஜன்னலால் பார்த்தால் தெரியும் வீட்டுக்காரி.

அவரைப் பதினொன்று என்றே எழுதுகிறேன். அது அவருடைய உண்மையான இலக்கமும் இல்லை. அவர் எதற்காகச் சேர்த்தார் என்பதையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஃபைலில் அவர் சொன்னது இதுதான். குடும்பம் இருப்பது புருஷனின் நானாவின், அதுதான் அண்ணனின், காணியில். "எழும்புங்க" என்று அவர் ஒரு சொல் சொன்னால் எழும்ப வேண்டியதுதான். அதனால் பதினொன்று தன் பெயரில் ஒரு துண்டுக் காணி வாங்கப் பார்க்கிறார். சீட்டு எடுத்து, அதை நகையாக்கி, தன் தாத்தாவின், அதுதான் அக்காவின், வீட்டில் வைத்திருக்கிறார். புருஷனுக்குத் தெரியாது. "இவர் நல்ல மனிசன்தான் மிஸ். ஆனா கையில ஒரு சதம் கண்டாலும் புது எஞ்சின் எண்டுதான் நிப்பார். எஞ்சின்ல குடியிருக்க ஏலுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். அதற்குப் பிறகு, "முகத்துக்குப் பவுடர், முந்தானைக்கு முடிச்சு. அதான் மிஸ் என்ட பொழப்பு" என்கிறார்.

அந்த வசனத்தை அவர் எங்கும் சொல்வார். கலியாண வீட்டில் சொல்வார், மீன் வாங்கும்போது சொல்வார். பிள்ளைகள்கூட அவரைக் கண்டால் அதைச் சொல்லிவிட்டு ஓடும். இங்கே நான் எழுதியிருப்பது அவருடைய வசனம் இல்லை, அந்தச் சாயலில் நானாகக் கட்டியது. அவருடையது இதைவிட அழகு.

ஃபைலை முடித்து அனுப்பினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. கேட்டதை வெளியில் சொல்லமாட்டேன் என்று ஒப்பம் வைத்துத்தான் நான் இந்த வேலையையே எடுக்கிறேன். வீட்டுக்காரருக்கும் சொல்லவில்லை. ஒழுங்கையில் பதினொன்றைக் கண்டால் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

ஆய்வு முடிந்ததும், முடிவுகளை ஊர் ஆட்களுக்கே சொல்ல வேண்டும் என்று மிஸ் ஒரு கூட்டம் வைத்தார். முன்பள்ளி ஹோலில், ஆண்களையும் பெண்களையும் கூப்பிட்டு. முந்தின நாள் பின்நேரம், ஆட்களுக்குக் கொடுக்கும் தாளை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, "பிழை ஏதும் இருக்கா பாருங்கோ அக்கா" என்றார்.

திறந்தேன். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: "முகத்துக்குப் பவுடர், முந்தானைக்கு முடிச்சு: கரையோரப் பெண்களின் சேமிப்பு." கீழே அதே வசனம் மறுபடியும், அதோடு காணிக் கதையும் நகைக் கதையும். பெயர் இல்லை, ஊர் இல்லை, வயது இல்லை. ஆனால் பதினொன்றின் புருஷன் மீனவர் சங்கத்தில் முன்னுக்கு நிற்கிற ஆள், கூட்டத்துக்குக் கட்டாயம் வருவார்.

பதினொன்றிடம் போய்ச் சொன்னால் ஒப்பத்தை மீறியதாகும். மிஸ்ஸிடம் சொன்னால், இவளுக்கு ஆட்களைத் தெரிகிறது, இந்தப் பக்கத்து ஃபைலை இனி இவளிடம் கொடுக்கக்கூடாது என்று நினைப்பார். சொல்லாவிட்டால் நாளைக்கு ஒரு பெண்ணின் காணி எஞ்சினாகிவிடும். ஒரு சொல்லையும் மாற்றாதே என்று பழகிய நான்தானே அந்த வசனத்தைப் பிசகாமல் எடுத்துக் கொடுத்தேன். மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன்.

"மிஸ், தலைப்ப மாத்த ஏலுமா?"

"ஏன் அக்கா? எழுத்துப் பிழையோ?"

"எழுத்தெல்லாம் சரி மிஸ். வசனத்தக் கண்டா ஆளைப் பிடிச்சிருவாங்க."

"நாங்கள் பேர் போடேல்லையே அக்கா."

"பேரைப் போட்டிருந்தாலும் பரவாயில்ல மிஸ். அந்தப் பேர்ல இங்க அஞ்சாறு பேர் இருக்காங்க. இந்த வசனம் ஒராளுக்குத்தான் இருக்கு."

மிஸ் மெதுவாகக் கேட்டார். "உங்களுக்கு அவவைத் தெரியுமோ?"

"அத மட்டும் கேக்காதீங்க மிஸ். நான் ஒப்பம் வெச்சிருக்கேன்."

"ஒப்பம் வாங்கினதே நான்தானே அக்கா!" என்று சிரித்தார். சிரிப்பு உடனே நின்றுவிட்டது. "தாள் எல்லாம் அடிச்சு முடிஞ்சுது. எங்கட புரொபெசருக்கு அந்தத் தலைப்பில உயிர். ஆனா அந்த வசனம் அவருக்கும் சொந்தமில்லை, எனக்கும் சொந்தமில்லை. நான் அவவிட்டயே போய்க் கேக்கிறன்."

கூட்டத்துக்காக மிஸ் முதல் நாளே ஊருக்கு வந்து தங்கியிருந்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு த்ரீவீல் வந்தது. நான் குசினியில் நின்றேன். கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவினேன். பதினொன்றின் வாசல் படலையடியில் மிஸ் நின்று கதைப்பது தெரிகிறது, கேட்கவில்லை. அன்றைக்கு என் காதில் ஹெட்போன் இல்லை, பின்னுக்குப் போய்க் கேட்கவும் வழியில்லை. பதினொன்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். திடீரென்று அந்தச் சிரிப்பு கேட்டது. த்ரீவீல் திரும்பிப் போனது.

மஃரிப் தொழுகைக்கு முன்னர் மெசேஜ் வந்தது: "தலைப்பு மாறுது. புதுத் தாள் அடிக்கிறம். நீங்கள் சொல்லியிருக்காட்டி நான் பெரிய பிழை விட்டிருப்பன்."

என்னிடம் வேலை கொடுப்பது குறையவும் இல்லை. அதற்குப் பிறகு மிஸ்ஸின் ஆய்வுகளில், வெளியில் போக இருக்கும் வசனங்களை எல்லாம் முதலில் எனக்கு அனுப்புகிறார். இது ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று தோன்றுவதற்குச் சிவப்பு நிறம் போட்டு அனுப்புவேன். "ஜெஸீமா அக்காட சிவப்பு" என்று கம்பஸ் பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்களாம். இந்த வேலையில் நான் படித்தது இவ்வளவுதான்: கேட்டதை அப்படியே எழுதத் தெரிய வேண்டும். அந்த எழுத்து யாருடைய வீட்டு வாசலில் போய் நிற்கும் என்றும் பயப்படத் தெரிய வேண்டும். பயப்படுகிற பிள்ளைகள் இந்த வேலைக்கு வரலாம்.

அந்தக் கூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹோலில் இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். திரையில் "கரையோரப் பெண்களின் சேமிப்பு" என்று மட்டும் இருந்தது. காணிக் கதை எதிலும் இல்லை. மிஸ் சொல்லி முடித்ததும் பதினொன்றின் புருஷன் எழும்பினார்.

"மிஸ், பொம்பளயள் ஒளிச்சு வெக்கிறாங்க எண்டு சொன்னீங்க. எங்க ஒளிக்கிறாங்க எண்டதையும் சொல்லிட்டுப் போங்களேன்."

ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. மிஸ் முகத்தை மாற்றாமல், "அது எங்கட ஆராய்ச்சியில வரேல்ல நானா" என்றார். பெண்கள் பக்கம் அதைவிடப் பெரிய சிரிப்பு. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது என் பக்கத்துக் கதிரையில் இருந்த பதினொன்றுதான்.

சிரித்து முடித்துவிட்டு என் காதுக்குள் வந்தார்.

"நேத்து இந்த மிஸ் எங்கட வீட்ட வந்தா. நான் சொன்ன வசனத்தத் தலைப்பாப் போட்டிருந்தாங்களாம். போடவா வேணாமா எண்டு கேட்டா. காணிக் கதையையும் விடுங்க, வசனத்தையும் திருப்பித் தாங்க எண்டு சொல்லிட்டேன்."

"ஓ" என்றேன்.

"டைப் பண்ணுற பொம்புள ஒருத்திதான் இத முதல்ல பிடிச்சாளாம். ஆரு எண்டு கேட்டேன், மிஸ் வாயத் தொறக்கல்ல. கொழும்புல எங்கயாவது இருக்கிறவளாக்கும். என்ட ரப்பே, அவள்ட கைக்கும் காதுக்கும் பரக்கத்தக் குடு."

நான் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "ஆமீன்" என்றேன்.