அக்தர் கேட்டு வாங்கிய வருஷம்

எங்கள் பிளாக்கில் வீடு மாறி நுழையாதவர் கிடையாது. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற அலுப்பில் கால் அடுத்த வரிசைக்குப் போய்விடும். வாசலைத் தாண்டியதும் புரியும், சிரித்துக்கொண்டே திரும்புவோம்.

அப்துல் மஜீது பாய் மட்டும் அடிக்கடி மாறினார். அவர் வீடு முன்வரிசை, எங்களுடையது பின்வரிசை. என் அம்மா பேச்சியம்மாள் திருநெல்வேலிக்காரி. வந்தவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டு, பாய் நம்ம கடைக்கு வாடிக்கையாயிட்டாரு என்பாள்.

பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் சுமந்தவர் பாய். சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது கான்ட்ராக்ட் கூலியாக வந்து, ஸ்டோரில் பெர்மனென்ட் ஆனார். அந்தச் சொல்லைப் பிள்ளையின் பெயர் போலச் சொல்வார். உண்மையான பிள்ளை ஒருத்திதான், அக்தர் பேகம். அறுபத்தாறில் சென்னையில் டாக்டர் படிப்பை முடித்திருந்தாள். இனி ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. அதில் எந்தப் பிரிவைக் கேட்டு வாங்குகிறாளோ, மேல்படிப்பும் பெரும்பாலும் அந்த வழியில்தான். பாய்க்குச் சந்தேகமே இல்லை, பிரசவம். மார்க்கெட் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அக்தருக்கு மனசெல்லாம் கண் வைத்தியத்தில். அதை அத்தாவான பாயிடம் சொல்லப் பயந்து, என் அம்மாவைத் தூது அனுப்பலாமென்று ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாய் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, மகள் குரல் கேட்டதும் தண்ணீர் கேட்டார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எப்போது கண்டுபிடிக்கிறார் என்று வேடிக்கை பார்ப்பதும் எங்கள் பிளாக் வழக்கம். அக்தரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு அவர், மார்க்கெட்டு மாணிக்கம்மாள் மருமகளுக்கு ஏழாம் மாசம், உன்னிடம்தான் காட்டுவேன் என்று சொல்லிக்கினு இருக்கா என்று ஆரம்பித்தார்.

அவருக்கு நேர் எதிரே சுவரில் பெரிய முருகன் படம். மாலை போட்டு, விளக்கு ஏற்றியிருந்தது. அதைப் பார்த்தபடியேதான் பேசிக்கொண்டிருந்தார். அக்தரின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனதை நான் பார்த்தேன்.

"அத்தா, செவுத்துல என்னா மாட்டியிருக்குது?"

"அதான், நம்ம காலண்டரு."

அவள் அவரை ஜன்னலோரம் கூட்டிப்போய் இமையை விரலால் உயர்த்திப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் புரை வெளுத்திருந்தது. அதன் பிறகுதான் பாய்க்கு இது யார் வீடு என்று தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வருஷமாகவே மங்கலாம். ஸ்டோரில் போல்ட்டையும் நட்டையும் விரலால் தடவித்தான் எடுத்துக் கொடுக்கிறாராம். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில், வீடு மாறியதையெல்லாம் எல்லாரையும் போலச் சிரித்தே மறைத்திருக்கிறார்.

இது ஆபரேஷனில் சரியாகிற புரைதான் என்று அக்தர் நிதானமாகச் சொன்னாள். கூடவே, "நான் கண்ணு பிரிவுதான் கேக்கப்போறேன், அத்தா" என்றாள்.

"பிரசவம்னா தெருவே வரும். கண்ணுக்கு யாரும்மா வருவாங்க?"

"மொதல்ல நீங்க வாங்க."

 அம்மா இடையில் புகுந்தாள்: "வழி தெரியாமலே இங்க வந்துட்டிய. அவ கையப் பிடிச்சுல்லா கூப்பிடுதா, போயிட்டு வாங்க."

அக்தர் கண் பிரிவைக் கேட்டு வாங்கினாள். அந்த வருஷத்திலேயே பாய் லீவு போட்டுச் சென்னை போனார். கத்தியைப் பிடித்தது பெரிய டாக்டர். அத்தாவின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது அக்தர். ஒரு கண் முடிந்து, பிறகு மற்றது. தடித்த கண்ணாடியோடு அதே ஸ்டோருக்குத் திரும்பினார். மார்க்கெட்டில் மட்டும், கண்ணு முடிச்சப்புறம் பிரசவமும் படிப்பா என்று இன்னும் சொல்லிக்கினு இருந்தார்.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தவர் எங்கள் வாசலில் நின்று, கதவு நம்பரைச் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு நேரே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாய், உங்க வீடு முன்வரிசைல்லா?" என்றாள் அம்மா.

"தெரிஞ்சுதாம்மா வந்தேன். காப்பி இருக்குதா?"