சுனையால் குடித்தவர்கள்

அச்சகத்தில் அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அரபு எழுத்தில் ஒரு புள்ளி தவறினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. இருபது வருஷமாகப் பிழை திருத்துகிற வேலை.

வீட்டில் அவளுக்கு வேறொரு பைத்தியம். பழைய அரபு வரிகளில் 'உள்ளே' என்ற இடைச்சொல் 'மேலே' என்ற பொருளில் வரும். 'இலிருந்து' வரவேண்டிய இடத்தில் 'ஆல்' நிற்கும். 'சுனையால் குடித்தார்கள்' என்றிருந்தால், இடைச்சொல்தான் பொருள் மாறிவிட்டது என்பது ஒரு கட்சி. இல்லை, மாறியது வினைச்சொல்; குடித்ததோடு நிற்கவில்லை, சுனையால் தாகம் தீர்த்துக்கொண்டார்கள் என்பது எதிர்க்கட்சி. புள்ளியக்கா எதிர்க்கட்சி. அதை நிலைநாட்டப் பதினொரு வருஷம் அட்டை அட்டையாக எழுதிச் சேர்த்தாள்.

கல்லூரியில் அரபு சொல்லித்தரும் தம்பி, "கொடுக்கா, டைப் அடிச்சுத் தரேன்" என்று அட்டைகள் இருந்த நான்கு பெட்டிகளையும் கொண்டுபோனான். கேட்கும்போதெல்லாம் "ஆகுதுக்கா" என்றான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெளிப் பதிப்பகம் ஒன்றிலிருந்து திருத்த வந்த அச்சுப்படிக் கட்டு அவள் மேசைக்கு வந்தது. மூன்றாம் பக்கத்திலேயே அவளுடைய சுனை வரி. முகப்பைப் புரட்டினாள். ஆசிரியர் பெயர், தம்பியுடையது.

போன் செய்தாள். "என் பேரு எங்கடா?"

"முன்னுரையில இருக்கேக்கா. 'அக்காவுடன் பேசியதில் பிறந்தது'ன்னு போட்டிருக்கேன்."

"அக்காவுடனா? அக்காகிட்டேருந்து எடுத்ததுடா."

"உடன், இருந்து... ஒண்ணுக்குப் பதிலா ஒண்ணு வரும். நீ எழுதினதே அதானே?"

அப்படி வராது என்று சொல்லத்தான் மேசையில் கிடந்த அந்த நானூறு பக்கமும். திருடியதுகூடப் போகட்டும், படிக்காமலே திருடியிருக்கிறான்.

அந்தப் பதிப்பாளரிடம் போனாள். "குடும்ப விஷயம்மா, நீங்களே பேசிக்கங்க" என்று கழன்றுகொண்டார். பெட்டிகள் தம்பி வீட்டில். காட்டக் கையில் ஒன்றுமில்லை. அந்தக் கட்டை வேறு ஆளிடம் தரட்டுமா என்று அச்சக மேலாளர் கேட்டார். வேண்டாமென்றாள். வரிகள் என்ன பாவம் செய்தன? ஒன்பது நாள் உட்கார்ந்து ஒரு பிழை விடாமல் திருத்தினாள். முன்னுரையை மட்டும் தொடவில்லை.

புத்தகம் வந்தது, தம்பிக்குப் பதவி உயர்வும் வந்தது. ஒரு பிரதியோடு வாசலில் நின்றான். "கோவமாக்கா?"

"யார் வேணும் சார்?"

சிரிக்கப் பார்த்தான். அவள் கதவைச் சாத்தினாள்.

அன்று சாப்பிடும்போது அம்மா ஆரம்பித்தாள். "ஒரே ரத்தம்டி. நீதான் பெரியவ, விட்டுக்கொடு."

"விட்டுக்கொடுக்க எங்கிட்ட இன்னும் என்னம்மா இருக்கு?"

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.