வெள்ளைக்காரர் ஓட்டிய வண்டி

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் பேனா பிடிப்பதே பெரும்பாடு. அதிலும் என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி எழுதி மையை எதற்கு வீணாக்க வேண்டும்? ஆனால் என் ஸ்கூட்டரின் பின்னால், நம்பர் பலகைக்குக் கீழே, திருஷ்டிக்கென்று தொங்கும் அந்த ஒற்றைச் செருப்பைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ரோஸ் நிறம், குழந்தைச் செருப்பு. குதிகால் பக்கம் உருகி, வாய் கோணின மாதிரி இளித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொருத்தருக்காகச் சொல்லிச் சலித்துவிட்டது.

பாண்டிச்சேரியில் பழைய சாமான் விற்கிறவனுக்கு ஒரே ஒரு மந்திரம் போதும்: "வெள்ளைக்காரரு வெச்சிருந்தது." கட்டில், சைக்கிள், பிரிட்ஜ், நாய்க்குட்டி எதுவானாலும் இதைச் சொன்னால் நம் ஆட்கள் மேலே பேசமாட்டார்கள். வெள்ளைக்காரர் தொட்டது துருப்பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை. மாமா அந்த நம்பிக்கையின் தலைமைப் பூசாரி. அரியாங்குப்பத்தில் பெயிண்ட் கடையில் நின்று டப்பா குலுக்குகிற மனுஷனுக்கு, ஞாயிற்றுக்கிழமையானால் கறுப்புக் கண்ணாடியும் லெதர் பெல்ட்டும் வேண்டும். கடைக்கு வருகிற பிரெஞ்சுப் பென்ஷன்காரர் யாராவது 'போன்ழூர்' சொல்லிவிட்டால் அன்றைக்கு ராத்திரி அக்காவிடமே 'மெர்சி' சொல்லித்தான் சோறு வாங்குவார்.

அவருக்கு நெடுந்தூரம் போகிற பெரிய வண்டி வேண்டும், மகளைப் பின்னால் உட்கார வைத்துக் கடற்கரைச் சாலையில் மகாபலிபுரம் வரைக்கும் போக வேண்டும் என்று ஆசை. பாப்பா அப்போது இரண்டாவது படித்தாள். வண்டியில் ஏறிக் காற்றுப் பட்டதும் தூங்கிவிடுகிற ஜாதி. அதனால் அக்கா போட்டது ஒரே நிபந்தனை: "எந்தக் கருமத்த வேணா வாங்குங்க. கொழந்த தூங்குனாலும் ஒண்ணும் ஆவக்கூடாது." என்னை வேவு பார்க்கக் கூடவே அனுப்பினாள்.

முத்தியால்பேட்டையில் ஒரு கொட்டகை. தரகர் ஆளை ஒரே பார்வையில் எடை போட்டுவிட்டார். "வாங்க முசியே" என்று பிரெஞ்சில் ஐயா போட்டதும் மாமா பாதி விலைபோய்விட்டார். நின்றது ஒரு பழைய புல்லட். முன்னால் கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டுகிற இரும்புச் சட்டம். "வெள்ளக்காரரு ஓட்டுனது முசியே. தனியாவே லடாக் வரைக்கும் போய்ட்டு வந்தாரு." மாமா எஞ்சினைக் கேட்கவில்லை, பிரேக்கை மிதிக்கவில்லை. வண்டிக் கண்ணாடியில் தன் மீசையைத்தான் பார்த்தார். கூடவே தொற்றிக்கொண்டு வந்திருந்த பாப்பாவைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தேன். ஐஸ்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்பா, நான் கால எங்க வெக்கிறது?"

பார்த்தால், பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற கட்டை இரண்டு பக்கமும் இல்லை. சேலை சிக்காமலிருக்க மாட்டுகிற கம்பி வலையும் இல்லை. தனியாகப் போனவருக்கு இதெல்லாம் எதற்கு? கழற்றி எறிந்துவிட்டார். தரகரோ அதையும் பெருமையாக்கினார்: "வெயிட்ட கொறச்சிருக்காரு முசியே!" மாமா தலையை ஆட்டினார். "பாத்தியா மச்சான், அவனுங்க மூளைய?"

"மாமா, பாப்பாவுக்குக் காலு இருக்குதே, அத என்னா பண்றது?" என்றேன்.

"சட்டத்து மேல வெச்சிக்கட்டும். உனுக்கு ஏண்டா வவுறு எரியுது?"

அந்த ஞாயிறே கிளம்பினார். கட்டை இல்லாததைக் கேட்ட அக்கா, திட்டித் தீர்த்துவிட்டு, தன் துப்பட்டாவால் பாப்பாவை அவர் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். "நீ பின்னாலயே போடா" என்று என்னைத் துரத்தினாள். நான் என் கூட்டாளியின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு போனேன். காலாப்பட்டு நெருங்கும்போது பாப்பாவின் தலை சாய்ந்தது. துப்பட்டா உடம்பைப் பிடித்துக்கொண்டது, காலை யார் பிடிப்பது? சட்டத்திலிருந்து நழுவிய வலது கால் நேரே சைலன்சர் மேல் போய் உட்கார்ந்தது. ரப்பர் கருகுகிற நாற்றம் என் மூக்குக்கு வந்தது. ஆரனை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். அந்த மேதை என்ன செய்தார் தெரியுமா? நான் பாராட்டுகிறேன் என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கி ஆட்டினார், ஓட்டு கேட்டு வந்த வேட்பாளர் மாதிரி.

முன்னால் போய்க் குறுக்கே நிறுத்தினேன். செருப்பைப் பிடுங்கிப் பார்த்தேன். குதிகால் சிவந்திருந்தது, தோல் தப்பித்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் கால் போயிருக்கும். பாப்பா விழித்து, "வந்துட்டமா?" என்றாள். மாமாவும் குனிந்தார். மகள் காலைப் பார்க்கிறார் என்று ஒரு நொடி மரியாதை வந்தது. சைலன்சரில் ஒட்டிய ரோஸ் ரப்பரை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "நிக்கல் பாலிஷ் போச்சே மச்சான்" என்றார். வந்த மரியாதை அப்படியே திரும்பிப் போனது. இன்றுவரை வரவில்லை.

பாப்பா என் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு, ஒற்றைச் செருப்போடு வீடு வந்தாள். வாசலிலேயே அக்கா முடித்துவிட்டாள்: "இன்னா மூஞ்சிக்கு இந்த வண்டி?" அடுத்த மாதம் மாமா அதை விற்றார். எப்படி விற்றார்? "வெள்ளைக்காரரு ஓட்டுனது" என்று சொல்லித்தான். நடுவில் தான் ஓட்டியதை மூச்சுவிடவில்லை. அவர் வாழ்க்கையில் பேசிய ஒரே அடக்கமான பேச்சு அதுதான்.

பாப்பா இப்போது பெரிய வகுப்பு போய்விட்டாள், சைக்கிளில் போகிறாள், அப்பா பின்னால் ஏறச் சொன்னாலும் ஏறமாட்டாள். கூட்டாளியின் அந்த ஸ்கூட்டரை நானே வாங்கிவிட்டேன். இப்போது அது இருமுகிறது. என் பையனும் முன்னால் நிற்கிற உயரத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டான். போன வாரம் சும்மா அந்த முத்தியால்பேட்டைப் பக்கம் போனேன். ஒரு வண்டி நின்றது. என்ன நிற்பு! கூட்டாளிக்குப் போன் போட்டேன். "டேய், வெள்ளக்காரரு ஓட்டுனதாம்டா, சும்மாதான் பாத்தேன்" என்றேன்.

அவன் சொன்னான்: "அது கெடக்கட்டும், புள்ளைக்கு எத்தினி ஜோடி செருப்பு வாங்கி வெச்சிருக்க?"