ஓட்டைப் பேப்பர்

பேப்பரின் முதல் பக்கத்தைச் சலூன்காரர் தொடுவதேயில்லை. "உலகம் எங்கயும் ஓடிடாது, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒதுக்கிவிட்டு நேராக உள்ளூர்ப் பக்கத்துக்குப் போகிறார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, தாளை மூக்கருகே பிடித்து, முகர்ந்து பார்ப்பதுபோல் மேலிருந்து கீழே இறங்குகிறார். ஓரிடத்தில் மூச்சு நிற்கும். இடது கை இழுப்பறைக்குள் போகும். முடி வெட்டுகிற கத்தரி வேறு. காகிதம் பட்டால் அது மழுங்கிவிடும் என்று, கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றிய பழைய கத்தரி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார். நாலே வெட்டு. செய்தி அவர் கையில், ஓட்டை பேப்பரில்.

அதற்குப் பிறகுதான் சலூனின் விளக்குகள் எரியும்.

அவர் வெட்டுவது ஒரே வகைச் செய்தி. வயதானவர்கள், தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாதவர்கள், இவர்களை யாரோ அடித்தது, பூட்டியது, பட்டினி போட்டது. பெரும்பாலும் நாலைந்து வரிதான் வரும். அந்தப் பக்கத்தின் முதுகில் விளையாட்டுச் செய்தி என்பதால் இந்தக் கடையில் எந்த ஆட்டமும் முழுதாகக் கிடைக்காது. யார் ஜெயித்தார்கள் என்று தெரியும். யாரை என்று தெரியாது. தெருவில் அவருக்குப் பெயரே 'ஓட்டைப் பேப்பர்'. காதுபடவே சொல்வார்கள். "ஆட்டம் நாளைக்கும் இருக்கும்ண்ணே" என்று கழுத்தில் துணியைக் கட்டுவார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாக.

வெட்டியதோடு விடுகிறவரும் இல்லை. பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போடுவார். உள்ளூர்ப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் நிருபர் ஓர் இளம்பெண். இவர் குரல் கேட்டதுமே "சொல்லுங்கண்ணா, இன்னிக்கு எந்த வரி?" என்பாராம். மூதாட்டி மீட்கப்பட்டார் என்று வந்திருந்தால், மீட்டு எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் நிஜமாகவே இவரைப் படுத்துவது ஒரு சொல்தான்.

"தவறி விழுந்தார்னு போட்டிருக்கீங்களேம்மா, கூட நின்னு பார்த்தது யாரு? யாரும் பார்க்கலேன்னா வெறும் 'விழுந்தார்'னு போடுங்க. தவறு யாருதுன்னு நாமளே ஏன் முடிவு பண்ணணும்?"

நான் இரண்டு மொழிகளில் படித்தவன். மற்ற மொழியில் மனிதர்கள் சும்மா விழுகிறார்கள். தமிழில் மட்டும் விழுகிறவர் பெரும்பாலும் தவறித்தான் விழுகிறார். சலூன் பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்கும்வரை எனக்கு அது உறைக்கவில்லை. அப்பாவையும் அம்மாவையும் வேறொரு நாட்டில், சம்பளத்துக்கு வரும் ஒரு பெண்ணின் பொறுப்பில் விட்டுவிட்டு இங்கே பிழைப்பவன் நான். அன்றிலிருந்து போனில் வரும் ஒவ்வொரு "ஒண்ணுமில்லப்பா"வையும் இரண்டு தடவை கேட்கிறேன்.

கடையின் மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருப்பவர் அவருடைய தம்பி. ஐம்பது தாண்டிய ஆள். அண்ணனைப்போல் இரண்டு பங்கு தோள். பேச்சும் நினைப்பும் மட்டும் சின்னப்பிள்ளையுடையவை. யாராவது துண்டு கேட்டால் முகம் வாடிவிடும். "இப்பதானே மடிச்சேன்" என்பார். அவரிடமிருந்து ஒரு துண்டை வாங்குவதற்கு அண்ணனே கெஞ்ச வேண்டும்.

பக்கத்துச் சாவிக்கடைக்காரர்தான் பழைய கதையைச் சொன்னார். இவர் சொந்தக் கடை வைப்பதற்கு முன்பு, அம்மா இறந்த கையோடு, தம்பியைக் கொஞ்ச காலம் ஓர் இல்லத்தில் விட்டிருந்தாராம். ஒருநாள் காலை, வேலை பார்த்த சலூனில் நாற்காலியில் இருந்தவருக்காகப் பேப்பரை உரக்கப் படித்திருக்கிறார். இல்லவாசி ஒருவர் தவறி விழுந்து காயம் என்று ஒரு செய்தி. பெயர் இல்லை. படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார். வாரக் கடைசியில் தம்பியைப் பார்க்கப் போனபோதுதான் அந்த இல்லவாசி யாரென்று தெரிந்தது. அன்றைக்கே கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

போன மாதம் ஒரு மாலை. தெருமுனை மஞ்சள் வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, பதவிசான மனிதர், பல வருட வாடிக்கை. அவருடைய அப்பா ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். நடமாட்டம் குறைந்துபோனதால் சலூன்காரரே வீட்டுக்குப் போய்ப் பெரியவருக்கு முடி வெட்டிவிட்டு வருவார். அன்று காலையும் போய்வந்திருந்தார்.

மகனுக்கு இடது பக்கம் முடிந்து, கத்தரி வலது பக்கம் திரும்பும்போது கேட்டார்.

"பெரியவருக்குப் புருவத்துல தையல் போட்டிருக்கே சார்?"

"தவறி விழுந்துட்டார்."

பெஞ்சில் இருந்த எங்கள் எல்லோருக்கும் அந்தச் சொல் கேட்டது. கத்தரி நின்றது.

"யாரு பார்த்தது?"

கண்ணாடிக்குள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அறைக் கதவுக்கு வெளிப்பக்கமாகத் தாழ்ப்பாள் இருப்பதையும், அதன் திருகாணிகள் இன்னும் பளபளப்பதையும் சலூன்காரர் மெதுவாகத்தான் சொன்னார். மகன் தலையைக் குனிந்துகொண்டார். கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். திறந்து வைத்தால் அப்பா ரோட்டுக்கு இறங்கிவிடுகிறார். ஒருமுறை லாரிக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். பூட்டாமல் என்ன செய்வது? உள்ளே இருந்தவர் தெருவைப் பார்க்க ஆசைப்பட்டு, ஜன்னலோரம் நாற்காலி போட்டு ஏறியிருக்கிறார்.

"அப்ப தவறி விழலை சார். ஏறி விழுந்திருக்கார்." குரல் உயரவேயில்லை. "இங்க கொண்டாந்து விடுங்க. பகல் பூரா நான் இருக்கேன், தம்பி இருக்கான். இல்லேன்னா திங்கட்கிழமை நலத்துறைக்கு நானே போன் பண்ணிடுவேன். உங்க வீட்டுச் செய்தியை என் கையால வெட்டி எடுக்கிற மாதிரி வெச்சிடாதீங்க."

மகன் துணியை உருவிப் போட்டுவிட்டு எழுந்து போனார். இடது பக்கம் அலுவலகம், வலது பக்கம் புதர். அந்தக் கோலத்தைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. சலூன்காரர் கீழே கிடந்த துணியை எடுத்து உதறினார், முடியே இல்லாத இடத்தையும் சேர்த்து.

தெரு இரண்டாகப் பிரிந்தது. யாராவது கேட்கத்தானே வேண்டும் என்றார்கள் சிலர். அடுத்த வீட்டு விஷயத்தில் இவனுக்கென்ன என்றார்கள் வேறு சிலர். ஓட்டைப் பேப்பர் வாடிக்கையையும் வெட்ட ஆரம்பித்துவிட்டான் என்றார் சாவிக்கடைக்காரர். சலூன்காரர் மதியங்களில் கடையைச் சாத்தி, தம்பியைக் கூட்டிக்கொண்டு மஞ்சள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். பெரியவர் நாற்காலி ஏறாமலே கேட்கும்படி, தெருவில் என்னென்ன போகிறது என்று கீழிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். "இப்ப ஒரு வேன் போகுதுங்க. ஓட்டத் தெரியாதவன் ஓட்டறான்." உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்ததாகத் தம்பி எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை. அன்றைய பேப்பர் இன்னும் பிரிக்கப்படாமல் மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் போன் இருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தொப்பி போட்ட ஒருவர் வந்தார். அவர் கையைப் பிடித்தபடி பெரியவர்.

"மீதிப் பக்கம் பாக்கி இருக்கு" என்றார் மகன், தொப்பியைக் கழற்றாமல்.

"உக்காருங்க சார்."

தம்பி பெரியவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். ஒரு கணம் யோசித்தார். பிறகு, அண்ணனுக்கே லேசில் கொடுக்காத துண்டு அடுக்கிலிருந்து ஒன்றை உருவிப் பெரியவர் மடியில் வைத்தார். பெரியவர் மடிக்கத் தொடங்கினார்.

ஆனால் கடையின் கண்ணாடிக் கதவு சுருள்கம்பி வைத்தது. யார் வந்துபோனாலும் தானே வந்து 'டக்'கென்று சாத்திக்கொள்ளும். ஒவ்வொரு 'டக்'குக்கும் பெரியவரின் கை பாதி மடிப்பில் நின்றது. தலை கதவுப் பக்கம் திரும்பியது. மூன்றாவது தடவை சலூன்காரர் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

கத்தரியைக் கீழே வைத்தார். மேசையிலிருந்த பேப்பரை, உள்ளூர்ப் பக்கத்தைக்கூடப் பார்க்காமல், அப்படியே நாலாக மடித்தார். கதவை அகலத் திறந்து, மண்டியிட்டு, அதன் அடியில் பேப்பரைச் செருகி, அசைகிறதா என்று காலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு வந்து, வலது பக்கத்தை வெட்ட ஆரம்பித்தார்.